அணைந்த சுவிட்சை மறுபடி போட முடியுமா?

கேள்வி: கம்பெனி மெடிக்கலில் ஹீமோகுளோபின் குறைவு, பிறகு பார்த்தால் எனக்கும் மனைவிக்கும் தலசீமியா மைனர். மரபணுவைத் திருத்திவிடலாமாமே?
- ஒரு வாசகர், ஒரகடம்

பதில்: திருத்தலாம், விலைதான் எட்டாது. கருவில் நமக்கு ஓடுவது வேறொரு ஹீமோகுளோபின். பிறந்த சில மாதங்களில் பிசிஎல்11ஏ என்ற மரபணு அதை அணைத்துவிடும். ரத்த மூலசெல்களில் அந்தக் காவலாளியை முடக்கினால் பழையது திரும்பச் சுரக்கும். காஸ்கெவி சிகிச்சை இதுதான். 2023 நவம்பரில் பிரிட்டன் முதலில் அனுமதித்தது. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர்! தலசீமியா மேஜர் நோயுள்ள குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று உண்டு; வேலூர் சி.எம்.சி. 1986-லிருந்தே செய்கிறது.

உங்கள் இருவருக்கும் சிகிச்சை தேவையில்லை. இரும்புச்சத்து மாத்திரையை நீங்களாக விழுங்கவும் வேண்டாம். ஆனால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. மனைவி கருவுற்றால் 11-வது வாரத்திலேயே கருவைப் பரிசோதிக்கலாம். முன்னதாகவே மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.