வேலை பார்த்தே ஃபீஸ் கட்டிவிடலாமா?

"அங்க போயி பார்ட் டைம் வேலை பார்த்தே எல்லாத்தையும் கட்டிரலாம் சார். ஏஜெண்டு சொல்லுதாரு."

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பத் தயாராகிற வீடுகளில் இந்த வாக்கியம் இல்லாமல் பேச்சே முடிவதில்லை. தகப்பனார் சொல்கிறார், தாய்மாமன் ஆமோதிக்கிறார், எஞ்சினியரிங் முடித்த பையன் தலையை ஆட்டுகிறான். வங்கியில் கல்விக்கடன் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் என்பதால் ஓய்வு பெற்ற பிறகும் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். வருகிறவர்கள் முடிவை எடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். அந்த முடிவு நிற்பது இந்த ஒரு வாக்கியத்தின் மேல். இது முழுப் பொய் என்று எத்தனை முறை சொல்வது? எழுதியே காட்டிவிடுகிறேன்.

நம் பிள்ளைகள் அதிகம் போகிற பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். பட்டப்படிப்பு, முதுகலைப் படிப்புக்கு மாணவர் விசாவில் போகிறவர், கல்லூரி நடக்கிற காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். 21 வயது நிரம்பியவருக்கு 2025 ஏப்ரலில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. ஒரு வாரம்கூடத் தவறாமல், உடம்புக்கு முடியாமல் ஒருநாள்கூடப் படுக்காமல் வேலை பார்த்தால் மாதம் சுமார் 1,058 பவுண்டு வரும். இனிச் செலவுக்கு வாருங்கள். விசா தருவதற்கு முன் அந்நாட்டு அரசே, மாணவரின் சாப்பாடு, வாடகைக்கு லண்டனுக்கு வெளியே மாதம் 1,136 பவுண்டு, லண்டனில் 1,483 பவுண்டு வேண்டும் என்று 2025 தொடக்கத்தில் நிர்ணயித்தது. அதே ஆண்டு நவம்பரில் அதையும் கூட்டிவிட்டார்கள். ஆக, சட்டம் அனுமதிக்கிற வேலையை முழுசாகப் பார்த்தாலும் சோற்றுக்கும் வாடகைக்குமே பற்றாது. இதில் ஃபீஸ் எங்கிருந்து வந்தது? பெரும்பாலான முதுகலைப் படிப்புகளுக்கு 15,000 பவுண்டுக்கு மேல் கட்ட வேண்டும். பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தாலும் 17 லட்சத்தைத் தாண்டுகிறது.

"லீவுல முழு நேரம் பார்க்கலாமே சார்" என்பார்கள். பார்க்கலாம், இளங்கலை மாணவர்கள். ஓராண்டு முதுகலையில் கோடைக்காலம் லீவே அல்ல. ஆய்வறிக்கை எழுதுகிற காலம். அப்போதும் அதே 20 மணி நேரம்தான். இதை எந்த ஏஜெண்டும் சொல்வதில்லை.

மற்ற நாடுகளும் கதவை அகலத் திறந்து வைக்கவில்லை. கனடாவில் 2024 நவம்பரிலிருந்து கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி நேரம். ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாட்கள். அமெரிக்காவில் முதலாம் ஆண்டு கல்லூரி வளாகத்துக்கு வெளியே வேலையே கூடாது.

அப்படியானால் இந்தப் பேச்சு எங்கிருந்து முளைத்தது? கடனை அடைத்தவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தே சிலர் உண்டு. ஆனால் அவர்கள் அடைத்தது படிக்கும்போது கடையில் நின்று வாங்கிய கூலியில் அல்ல. படித்து முடித்து, அதற்கென்று உள்ள விசாவில் முழுநேர வேலை கிடைத்த பிறகு வந்த சம்பளத்தில். பிரிட்டனில் அந்த விசா முதுகலை முடித்தவர்களுக்கு இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அதுவும் ஒன்றரை ஆண்டாகச் சுருங்குகிறது. அந்த வேலை கிடைக்குமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதை யாரும் கேட்பதில்லை.

இந்த வதந்தி செய்கிற கெடுதல் இன்னும் ஆழமானது. பகுதிநேரச் சம்பளத்தை நம்பி வருகிறேன் என்று சொன்னால் பிரிட்டன் விசாவே தராது. முதலாண்டு ஃபீஸ் பாக்கியும் ஒன்பது மாதச் செலவுத் தொகையும் சேர்ந்து கணக்கில் 28 நாள் தொடர்ந்து இருந்ததாகக் காட்ட வேண்டும். இங்கே என்ன நடக்கிறது? வட்டிக்குக் கொடுப்பவரிடம் 'ஷோ மணி' வாங்கிப் போடுகிறார்கள். 28 நாள் கழிந்து விசாவும் வந்ததும் அந்தப் பணம் வந்த வழியே போய்விடும். பையன் விமானம் ஏறும்போது, அவனுக்கு இருப்பதாக அரசிடம் காட்டிய பணம் அவனிடம் இல்லை. போய் இறங்கிய முதல் வாரமே வேலை தேடி அலைய வேண்டும்.

கழுகுமலைப் பக்கத்துப் பையன் ஒருவன் இப்படித்தான் போனான். முதல் மூன்று மாதம் வேலை கிடைக்கவில்லை. பிறகு ஒரு கிடங்கில் ராத்திரி வேலை. இருபது மணி நேரத்துக்கு மேல் போவதைக் கணக்கில் ஏற்றாமல் கையில் காசாகக் கொடுப்பார்கள்; சட்டப்படியான கூலியில் பாதி. ஒருநாள் அதையும் நிறுத்திவிட்டார்கள். புகார் கொடுக்க முடியாது. கொடுத்தால் இவன் விதி மீறியது முதலில் வெளியே வரும், விசாவும் போகும். எனக்கு ஃபோன் செய்தவன் பேசிய முதல் வார்த்தை, "சார், எங்க அம்மாட்ட சொல்லிராதீங்க." அவன் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிக் கூலி வாங்குகிறவர். கடனுக்கு இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். அவருக்குத் தெரியாமல் எதை மறைப்பது?

இனி நம் ஊர்ப் பக்கத்துக் கணக்கு. 20 லட்சம் கடன், 11 சத வட்டி என்று ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். படிக்கிற ஓராண்டும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பது உண்மை. வட்டி ஓடாது என்று நினைத்தால் அது தவறு. தனி வட்டியாகவே ஆண்டுக்கு 2,20,000 ரூபாய் ஏறும். இரண்டு ஆண்டு கழித்து 24,40,000 ரூபாய்க்குத் தவணை தொடங்கும். பத்தாண்டில் அடைப்பதென்றால் மாதம் 33,600 ரூபாய்க்கு மேல். கரிசலில் வருமானம் மாதாமாதம் வருவதில்லை. புரட்டாசியில் விதைத்து, மழை கை கொடுத்தால் உளுந்தும் பாசியும் மார்கழி, தையில் வரும். பருத்தியும் மிளகாயும் அதற்குப் பின்னால். ஆண்டுக்கு ஒருமுறை பணம் பார்க்கிற வீடு, மாதம் தவறாமல் கேட்கிற கடனைத் தலையில் ஏற்றுகிறது. இதைச் சமாளிக்கலாம். ஆனால் தெரிந்து ஏற்க வேண்டும், ஏஜெண்டு சொன்னதை நம்பி அல்ல.

"பத்துக் குறுக்கம் காடு இருக்கு, அதை வச்சுக் கடன் தரமாட்டாங்களா?" பெரும்பாலும் தரமாட்டார்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள். கடன் திரும்பி வராவிட்டால் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை எடுத்துக்கொள்ள வங்கிக்கு அதிகாரம் தரும் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம், விவசாய நிலத்துக்குச் செல்லாது என்று 31ஆம் பிரிவு சொல்கிறது. விவசாயியைக் காக்க வைத்த பிரிவு அது, நல்ல பிரிவுதான். ஆனால் அதனால் வங்கி புன்செய்ப் பட்டாவைப் பார்த்ததும் தயங்குகிறது. வீடு இருக்கிறதா, அங்கீகாரம் பெற்ற மனை இருக்கிறதா என்று கேட்கிறது. சிட்டா, அடங்கல், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் பையில் அடுக்கிக்கொண்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். அடுத்து என்ன? நகை அடகுக்குப் போகும், அல்லது காட்டை விற்பார்கள். அட்வான்ஸ் ஃபீஸைக் கட்டிவிட்டு வங்கிக்கு வருகிறவர்களுக்குத்தான் இந்தக் கதி அதிகம். முதலில் வங்கியில் கேளுங்கள், பிறகு பல்கலைக்கழகத்துக்குப் பணம் கட்டுங்கள். இதில் என்ன கஷ்டம்?

மற்ற கதைகளைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்தில் வெளிநாட்டுப் படிப்புக்கும் வட்டி மானியம் உண்டு என்கிறார்கள். கிடையாது. 2024 நவம்பரில் வந்த அந்தத் திட்டம் இந்தியாவில் உள்ள தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்.

ஜெர்மனியில் எல்லாம் இலவசம் என்கிறார்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது சரி. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். எங்கே படித்தாலும் முதலாண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து இதுதான் தொகை.

ஏஜெண்டு இல்லாமல் முடியாது என்பதும் பொய். அவருக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே கமிஷன் தருகிறது. அதிகக் கமிஷன் தருகிற இடத்தைத்தான் உங்களுக்குக் காட்டுவார். போலி அனுமதிக் கடிதத்தோடு கனடா போய்ச் சிக்கிய இந்திய மாணவர்களின் கதை 2023இல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. அவர்களும் ஏஜெண்டை நம்பியவர்கள்தான்.

ஏழைப் பிள்ளைக்கு வெளிநாட்டில் படிக்க உதவித்தொகையே இல்லை என்பார்கள். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு உண்டு. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கானது; குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டமும் இருக்கிறது. நம் வட்டாரத்தில் இதற்குத் தகுதியான பிள்ளைகள் எத்தனை பேர்! விண்ணப்பம் போட்டவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

கஷ்டத்தைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்கிற கதையை மட்டும் சுருக்கமாக முடித்துவிட முடியாது. வேலை கிடைக்காத அந்த முதல் மூன்று மாதம் கழுகுமலைப் பையன் வாயை மூடிக்கொண்டு கிடந்தது இதை நம்பித்தான். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஓர் அலுவலகம் உண்டு, மனநல ஆலோசகர் உண்டு. பல இடங்களில் அவசரப் பண உதவிக்கும் நிதி உண்டு. பிரிட்டனில் அது அரசின் பொது உதவியாகக் கருதப்படுவதில்லை, வாங்குவதால் விசாவுக்குக் கேடில்லை. வகுப்புக்கு வராமல் போவது, ஃபீஸ் கட்டாமல் விடுவது, விசா விதியை மீறுவது போன்றவற்றைத்தான் பல்கலைக்கழகம் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்கும். காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் போகாமல் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு கிடக்கிறார்கள். விசாவோடு சேர்த்து ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டியிருக்கிறார்களே, அந்த உரிமையை எதற்கு விடுவது?

கடைசியாக, என் நெடுநாள் வழக்கு ஒன்று. கடன் பத்திரம் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் அம்மா கையெழுத்துப் போடுகிறார். இதை நான் வங்கி மேசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், பொறுக்க முடியாமல் பார்த்திருக்கிறேன். இப்போது அதற்கு ஒரு வழி வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2024 ஏப்ரல் சுற்றறிக்கைப்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் தனிநபருக்கு வழங்கும் புதிய தவணைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். வட்டி, கட்டணங்கள், எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்பது அதில் இருக்கும். வங்கியானாலும் தனியார் நிதி நிறுவனமானாலும் இது பொருந்தும். கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் அது இருக்க வேண்டும், வாய்விட்டு விளக்கவும் வேண்டும். நம் ஊரில் அந்த மொழி தமிழ்.

கோவில்பட்டிக் கல்லூரிகளின் வேலைவாய்ப்பு அலுவலர்கள் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி இந்த அறிக்கையை வாசிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். பெற்றோரே, கையெழுத்துக்கு முன் அதைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். இருந்த இடத்திலேயே போடச் சொல்லி அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த அறிக்கை குறைந்தது மூன்று வேலை நாட்களுக்குச் செல்லும். வீட்டுக்குக் கொண்டுபோங்கள், அம்மாவை உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள், அதற்குப் பிறகு முடிவெடுங்கள்.