பள்ளிச் சங்கத்தின் கணக்குப் புத்தகம்



பொதுப் பணத்தைக் கையாளும் யாவருக்கும் அமெரிக்க நாட்டுப் பெற்றோர்-ஆசிரியர் சங்கங்களின் அனுபவம் நல்ல பாடமாகும். 1897-ம் வருஷம் ஆலிஸ் பர்னி, ஃபீபி ஹெர்ஸ்ட் என்னும் இரு மாதர் வாஷிங்டன் நகரில் தாய்மார் மகாநாடு கூட்டி இம்முயற்சிக்கு அடிகோலினர். இன்றும் பல பள்ளிகளில் சந்தாவும், பலகாரம் விற்ற சில்லறையுமே இச்சங்கங்களின் முதல்.

ஒரே வருஷக் கணக்கைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாமா? ஆகாது. ஒரு சங்கத்தின் கையிருப்பு 3,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷம் வரவு 8,000, செலவு 6,000. "பணத்தைப் பூட்டி வைக்கிறார்கள்" என்பார் ஒருவர். இரண்டாம் வருஷம் வரவு 8,000, செலவு 9,000. மூன்றாம் வருஷம் வரவு 7,000, செலவு 10,000. "ஊதாரிகள்" என்பார் வேறொருவர். ரசீதுகளுடன் மூன்று வருஷத்தையும் சேர்த்து வாசித்தாலோ, முன்பு மிச்சம் பிடித்ததைக் கொண்டு பிள்ளைகளுக்கு நூல்நிலையம் அமைத்தது விளங்கும். ஆனால் மீதி 1,000 தான், வரவும் குறைந்திருக்கிறது. நாலாம் வருஷம் கையை அடக்கியே ஆகவேண்டும்.

சர்க்கார் பார்த்துக்கொள்ளாதா? வருஷ வரவு சாதாரணமாக 50,000 டாலருக்கு மேற்படாத சங்கம், வரி இலாகாவுக்கு 990-என் என்ற சிறு அறிக்கை அனுப்பினால் போதும். அதில் பெயர், விலாசம் முதலியவை உண்டேயன்றி வரவு செலவு விவரம் கிடையாது. ஆகவே சங்கத்தின் சொந்தக் கணக்குப் புத்தகமே சாட்சி.

அச்சிறு அறிக்கையையும் மூன்று வருஷம் தொடர்ந்து அனுப்பத் தவறினால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகும். 2011-ல் முதல் ஜாபிதா வெளியானபோது சுமார் 2,75,000 ஸ்தாபனங்கள் அதில் இருந்தன. பெரும்பாலானவை முன்பே மூடிப்போனவை என்று இலாகா கருதியது. ஆயினும் உயிரோடிருந்தவையும் சிக்கிக்கொண்டன.

தவறுவது ஏன்? திருட்டு வேண்டியதில்லை, மறதியே போதும். ஜூன் 30-ல் கணக்கு முடிக்கும் சங்கத்துக்கு நவம்பர் 15 கெடு. அதற்குள் பழைய பொருளாளரின் பிள்ளை படிப்பை முடித்துப் போயிருக்கும். புதியவருக்கோ கெடு ஒன்று இருப்பதே தெரியாது.

ஆகையால் எச்சங்கத்திலும் பொருளாளர் செய்யவேண்டியவை மூன்று: ஒவ்வொரு காசுக்கும் ரசீது வைத்தல், மாதந்தோறும் பாங்கிக் கணக்கை மற்றொருவரைக் கொண்டு ஒத்துப்பார்த்தல், விலகும்போது புத்தகத்தையும் கெடுத் தேதிகளையும் கையொப்பம் வாங்கி ஒப்புவித்தல்.

பெற்றோர் கேட்கவேண்டியது ஒன்றே: "போன மூன்று வருஷக் கணக்கையும் சேர்த்துக் காட்டுங்கள்." இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நாணயமான பொருளாளரை வீண் பழியிலிருந்து காப்பதும் இக்கேள்வியே.