கூரையில் வெயில், வீட்டில் கரண்டு



"தகடு ரெண்டு மூணு வாங்கி, நாமளே பூட்டி லைன் கரண்டோட சேத்துட்டா பில் குறையுமா?" என்று நமுனுகுலப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். குறையும். ஆனால் லைனோடு சேர்க்கும் வேலையை நாமே செய்யக்கூடாது.

1997 முதல் 2011 வரை உலக வங்கிக் கடனுதவித் திட்டங்களில் ஊவாக் கிராமங்களுக்கு வந்தவை பற்றரியில் ஓடும் சிறு தகடுகள். லைன் கரண்டு வந்ததும் பல வீடுகளில் அவை மூலைக்குப் போயின. 2016இல் 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தோடு பரவியது வேறு முறை. இதில் பற்றரி தேவையில்லை. தகட்டில் பிறக்கும் மின்சாரத்தை இன்வேர்ட்டர் என்ற பெட்டி வீட்டுக் கரண்டாக மாற்றும். நாம் எரித்தது போக மிச்சம் மீற்றர் வழியே வெளி லைனுக்குப் போய்க் கணக்கில் சேரும்.

வெளி லைன் நின்றால் இதுவும் நின்றுவிடும்! 2022இல் 13 மணித்தியாலம் வரை கரண்டு வெட்டினார்களே, அப்போது நல்ல வெயில் அடித்தாலும் பற்றரி இல்லாத வீட்டில் லைட் எரிந்திருக்காது. இது பழுதல்ல. போஸ்டில் ஏறுகிறவர் கம்பியில் கரண்டு இல்லை என்று நம்பித்தான் தொடுகிறார். நம் வீட்டிலிருந்து கரண்டு போனால் அவர் உயிர் போகும். அதனால்தான் அனுமதியும் பரிசோதனையும் மீற்றர் மாற்றமும் கேட்கிறார்கள். சில மீற்றர்கள் வெளியே போனதையும் நாம் எடுத்ததாகக் கூட்டி, பில்லை ஏற்றிவிடும்.

நாம் செய்ய வேண்டியது கூரையில் இருக்கிறது. பெரிய தகடு ஒன்று ஏறத்தாழ 20 கிலோ. உளுத்த மரமும் துருப்பிடித்த தகரமும் தாங்காது, மலைக்காற்று வேறு பிடுங்கும். அஸ்பெஸ்டஸ் சீட்டில் துளை போடாதீர்கள். லயக்கூரை பக்கத்துக் காம்பராவுக்கும் பொது, ஆகவே தோட்டக் கந்தோரில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். காலை 9 முதல் பின்னேரம் 3 வரை சவுக்கு மர நிழல் எங்கே விழுகிறதென்று ஒரு லீவு நாளில் பாருங்கள். தெற்கே சற்றுச் சரிந்த கூரை நல்லது.

ஒரு கிலோவாட் தகடு மாதம் சுமார் 100 அலகு தரும். நவம்பர் முதல் ஜனவரி வரை நம் பக்கத்து மழையிலும் மூடுபனியிலும் அது குறையும். மாதம் 60 அலகுக்குள் எரிக்கும் குடும்பம் கடன்பட்டு இதை வாங்க வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். தவணை பில்லைவிடப் பெரிதாகும். ஃப்ரிட்ஜ், தையல் மெஷின், சிறு கடை என்று 150 அலகு ஓடும் வீடு யோசிக்கலாம். கடைசி 12 மாத பில்லையும் எடுத்துக்கொண்டு மின்சாரக் கந்தோருக்குப் போங்கள்.

பூட்டிய பிறகு தகட்டைத் தண்ணீரால் கழுவுங்கள், விடியற்காலையில் மட்டும். வெயில் இருக்கும்வரை, சுவிட்சை அணைத்தாலும் தகட்டு வயரில் கரண்டு இருக்கும். மூன்றைத் தொடராக இணைத்தால் 100 வோல்ட்டைத் தாண்டும்.