பரிசுப் பொதியும் சிறு விரல்களும்

இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைக்குத் தீபாவளிப் பரிசு கொண்டுவருவோர், பளபளக்கும் தாளுக்கெனத் தனியே செலவிட வேண்டியதில்லை. பழைய பருத்திச் சேலை ஒன்றைத் துவைத்து, வெயிலில் நன்கு உலர்த்தி, சதுரமாக வெட்டுங்கள். பரிசை நடுவில் வைத்து, நான்கு முனைகளையும் மேலே குவித்து, அச்சேலையின் கரைப் பட்டையாலேயே கட்டினால் அதுவே அலங்காரம். ஜப்பானியர் ஃபுரோஷிகி என்னும் சதுரத் துணியில் பரிசுகளைப் பொதிவர். நம் பாட்டிமாரின் கட்டுச்சோற்று மூட்டையும் ஏறக்குறைய அதுதான்.

குண்டூசியும் ஸ்டேப்ளர் கம்பியும் வேண்டா. தட்டணுக்கள் குறைந்திருக்கையில் சிறு கீறலிலும் இரத்தம் எளிதில் நிற்காது. மல்லிகைச் சரமும் வேண்டா; வெள்ளணுக்கள் குறைந்த உடலுக்குப் பூக்களிலுள்ள பூஞ்சையும் பாக்டீரியாவும் தீங்காகலாம். காகிதப் பூ போதும்.

பலரும் எண்ணிப் பாராதது முடிச்சு. வின்கிரிஸ்டின் என்னும் மருந்து நரம்புகளைப் பாதித்து விரல்களின் வலுவைக் குறைப்பதுண்டு. சட்டைப் பொத்தானைப் போடவே சில குழந்தைகள் திணறுவர். இறுகிய முடிச்சையும் ஒட்டுநாடாவையும் பிறர்தாம் பிரித்துக் கொடுக்க நேரும். பிரிப்பதில்தானே பாதி மகிழ்ச்சி! ஆகவே, நுனியை இழுத்தவுடன் அவிழுமாறு தளர்வான பூமுடிச்சு இடுங்கள். குழந்தை தடுமாறினாலும் உடனே கைநீட்டாதீர்கள்; சற்று நேரமாகட்டும்.