தலையில் அடி: ஸ்கேனில் தெரியும் வெள்ளைப் புள்ளி இரத்தமா, கால்சியமா?



அஜ்மான் சனையாவில் நம்மவர் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சி.டி. ஸ்கேனில் மூளையில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறது. பத்தே நிமிடத்தில் ஊருக்குப் போன் போய்விடும்: "மூளையில் இரத்தக்கசிவாம்!" ஆனால் அந்தப் புள்ளி, பல ஆண்டுகளாக அங்கேயே இருக்கும் கால்சியமாகவும் இருக்கலாம்.

புதிய இரத்தம், கால்சியம் இரண்டுமே சி.டி. ஸ்கேனில் வெள்ளையாகத்தான் தெரியும். இவற்றைப் பிரித்தறிய ஓர் அளவுகோல் உண்டு. சி.டி. ஸ்கேனை உருவாக்கி 1979-இல் நோபல் பரிசு பெற்ற ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரே அதற்கும். அதில் தண்ணீர் 0. புதிதாக உறைந்த இரத்தம் பெரும்பாலும் 50 முதல் 80 வரை. 100-ஐ நன்றாகத் தாண்டினால் அநேகமாகக் கால்சியம். புள்ளி மிகச் சிறியதென்றால் பக்கத்துத் திசுவும் கலந்து எண் குறைந்துவிடும். அப்போது எண்ணை மட்டும் நம்ப முடியாது.

புள்ளி இருக்கும் இடத்தையும் பார்ப்பார்கள். மூளையின் நடுவிலுள்ள பீனியல் சுரப்பியில் கால்சியம் படிவது பெரியவர்களுக்குச் சாதாரணம். சந்தேகம் தீராவிட்டால் சில மணி நேரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள். இரத்தக்கசிவு பெரிதாகலாம், நாளடைவில் மங்கும். கால்சியம் அப்படியே இருக்கும். "பணம் பிடுங்கத்தான் இரண்டாவது ஸ்கேன்" என்று நம்மில் சிலர் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்புவது பெரிய தவறு. உண்மையான கசிவைக் கால்சியம் என்று விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

நம் நாட்டவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. பன்றி நாடாப்புழுவின் முட்டை அசுத்தமான உணவு, தண்ணீர் வழியே உள்ளே போய், மூளையில் கட்டியாகி வலிப்பை உண்டாக்கும். சைவம் சாப்பிடுபவர்களும் தப்புவதில்லை. கட்டி ஆறிய பின் பலருக்குக் கால்சியப் புள்ளி மிஞ்சும். வேலூர் சி.எம்.சி.யில் பேராசிரியர் வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் இக்கட்டிகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

சிறு வயதில் வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டதை, வேலை போய்விடுமோ என்று மறைப்பவர்களை நாம் அறிவோம். அவசரப் பிரிவு மருத்துவரிடமாவது அதைச் சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற மாத்திரைகள் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். பழைய ஸ்கேனில் அதே இடத்தில் அதே புள்ளி இருந்தால் குழப்பம் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படமும் வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பீரோவில் கிடக்கும் அந்த ஃபிலிமையோ சி.டி.யையோ மறக்காமல் எடுத்து வாருங்கள்.