தேத்தண்ணி களைப்பைப் போக்குமா, மறைக்குமா?



குருதிச்சோகை பற்றி ஒரு லயத்தில் பேசிக்கொண்டிருந்தோம். கொழுந்தெடுக்கும் ஒரு கர்ப்பிணித் தங்கச்சி எழும்பி, "ஐயா, விடிய வெறும் தேத்தண்ணிதான். கிளினிக்கில குடுத்த இரும்பு மாத்திரையையும் அதிலதான் விழுங்குறேன். அதிலதான் தெம்பு" என்றார். அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறோம்.

நாம் பறிக்கிற கொழுந்தில் கஃபீன் என்றொரு பொருள் உண்டு. முற்றின இலையைவிட இளங்கொழுந்தில் அது கூட. பூச்சியிடமிருந்து தப்பச் செடி தானே செய்துகொண்ட மருந்து அது.

விழித்திருந்து வேலை செய்யச் செய்ய நமது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேருகிறது. அது தனக்குரிய இடத்தில் போய் உட்கார்ந்ததும், "போதும், ஓய்வெடு" என்ற செய்தி மூளைக்குக் கிடைக்கும். கஃபீன் பார்வைக்கு அதைப் போலவே இருப்பதால் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பெரட்டில் ஒருத்தர் பெயருக்கு இன்னொருத்தர் வந்து நின்ற மாதிரி! செய்தி போய்ச் சேராது. களைப்பு அப்படியே இருக்கும், தெரியாமல் மட்டும் இருக்கும். கஃபீன் விலகியதும் மொத்தமாக வந்து அமுக்கும். தேத்தண்ணியில் உள்ள தெம்பு சீனிதான், அதுவும் கொஞ்ச நேரத்துக்கே. ஒரு ரொட்டி தருகிற பலத்தை அது தராது.

குடித்து ஒரு மணி நேரத்துக்குள் கஃபீன் இரத்தத்தில் உச்சத்துக்கு வரும். அதில் பாதி வெளியேற ஏறக்குறைய 5 மணி நேரம் எடுக்கும். இரவு 8 மணிக்குக் கடும் சாயம் குடித்தால் நடுச்சாமத்திலும் பாதிக்கு மேல் உடம்பில் இருக்கும். விடிய 4 மணிக்கு எழும்பிச் சமைக்கிற பெண்களுக்கு அந்தத் தூக்கம் பெரிய நட்டம்.

விரத நாளில் தலை வெடிக்கிறது என்று சிலர் சொல்வார்கள். பசி மட்டுமல்ல, வழக்கமான தேத்தண்ணி இல்லாததும் காரணம். குறைக்க விரும்பினால் நாளுக்கு ஒரு கோப்பையாகக் குறையுங்கள். (இதை எழுதுகிற நாங்களும் இரண்டு கோப்பை குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தோம்.)

கர்ப்பிணிகளுக்கு விஷயம் வேறு. கடைசி மாதங்களில் கஃபீனில் பாதி வெளியேறவே 15 மணி நேரம் வரை ஆகலாம். அது வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். பிள்ளையால் அதைக் கழிக்க முடியாது. நாளுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்பது பல நாட்டு மருத்துவர்களின் ஆலோசனை. ஒரு கோப்பையில் சுமார் 30 முதல் 50 மில்லிகிராம் இருக்கும், கடும் சாயமென்றால் இன்னும் கூட. ஆகவே மூன்று கோப்பையோடு நிறுத்துவது நல்லது.

இனி மாத்திரைக்கு வருவோம். இங்கே குற்றவாளி கஃபீன் அல்ல. நாக்கில் துவர்க்கிறதே, அந்தத் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மாத்திரை விழுங்கியும் பாதிப் பலன் வீணாகிறது. கீரை, பருப்பு சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தாலும் இதே கதைதான்.

மாத்திரையைத் தண்ணீரில் விழுங்குங்கள். தேசிக்காய் பிழிந்த தண்ணீர் என்றால் இன்னும் நல்லது, இரும்பு நன்றாகச் சேரும். முன்னும் பின்னும் இரண்டு மணி நேரமாவது தேத்தண்ணி வேண்டாம். அந்தத் தங்கச்சி இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப் போகும்போது மாத்திரை போடுகிறார். விடியத் தேத்தண்ணியை அவர் விடவில்லை. கூட ஒரு ரொட்டியும் சாப்பிடுகிறார்.