கணவரைப் பார்க்க துபாய் போகும் முன்...



நம் குழுக்களில் பலருடைய வீட்டுக்காரர் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிறார். "விசிட்ல வந்து ரெண்டு மாசம் இருந்துட்டுப் போ, அப்புறம் ஃபேமிலி விசா போட்டுக்கலாம்" என்று போனில் கூப்பிடுவார். நமக்கும் ஆசைதான். உடனே டிக்கெட்டுக்கு உள்கடன் கேட்போம், இல்லாவிட்டால் நகையை அடகு வைப்போம். கடன் எழுதும் முன் இந்தப் பாடத்தைக் குழுக் கூட்டத்தில் ஒருமுறை வாசியுங்கள். துபாய், அபுதாபி, சார்ஜா அடங்கிய ஐக்கிய அரபு அமீரகத்தின் விதிகளை மட்டும் இங்கே சொல்கிறோம். மற்ற நாடுகளில் விதி வேறு.

1. இரண்டும் ஒரே விசா இல்லை

விசிட் விசா பார்த்துவிட்டு வருவதற்கு மட்டும்தான். பொதுவாக 30 நாள் அல்லது 60 நாள் தருவார்கள். அதில் வேலை செய்வது குற்றம். "வீட்டு வேலை இருக்கு, விசிட்லயே வா, அங்க மாத்திக்கலாம்" என்று ஏஜெண்ட் சொன்னால் நம்பாதீர்கள். நாள் தாண்டித் தங்கினால் ஒரு நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம். பத்து நாள் தாண்டினால் 500 திர்ஹாம்.

கணவரோடு குடியிருக்க ஃபேமிலி விசா வேண்டும். அதற்குக் கணவர்தான் பொறுப்பேற்று விண்ணப்பிக்க வேண்டும்.

2. கணவரிடம் கேட்க வேண்டியவை

"உங்க சம்பளம் எவ்வளவு?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஃபேமிலி விசா எடுக்க அவருக்கு மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும். கம்பெனி வீடு கொடுத்தால் 3,000 போதும். 2,500 வாங்குகிறவர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் விசா கிடைக்காது. அப்போது இந்தப் பயணம் பார்த்துவிட்டு வரும் பயணம் மட்டுமே. அதை நம்பி ஆட்டை விற்க வேண்டாம், தையல் மிஷினை மூட்டை கட்ட வேண்டாம்.

"எங்க தங்கியிருக்கீங்க?" என்றும் கேளுங்கள். பலர் கம்பெனி கேம்பிலோ, ஒரே அறையில் கட்டில் வாடகைக்கோ இருப்பார்கள். அங்கே மனைவியை வைத்துக்கொள்ள முடியாது. தனி அறைக்கு வாடகை யார் கொடுப்பது என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

3. கிளம்பும் முன்

* திருமணத்தைப் பதிவு செய்திருக்கிறீர்களா? தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும். பத்திரிகையும் போட்டோவும் ஃபேமிலி விசாவுக்குச் செல்லாது.
* அந்தச் சான்றிதழில் மாநில அரசு, மத்திய வெளியுறவுத் துறை, அமீரகத் தூதரகம் ஆகிய மூன்று இடத்திலும் முத்திரை வாங்க வேண்டும். இதை ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். அங்கே போனபின் அலைவது கஷ்டம்.
* சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர், இனிஷியல் ஒன்றாக இருக்கட்டும்.
* திரும்பி வரும் டிக்கெட்டைக் கையில் வைத்திருங்கள். விமான நிலையத்தில் கேட்டால் "கணவரைப் பார்க்கப் போறேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.
* எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து அம்மா வீட்டில் கொடுங்கள்.

4. அங்கே இருக்கும்போது

ஊர் சுற்றுவதோடு நிறுத்தாமல் கணக்கும் போடுங்கள். வாடகை, மளிகை, பிள்ளைகள் பள்ளிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு எல்லாம் போக மாதம் என்ன மிஞ்சும்? இப்போது அவர் ஊருக்கு அனுப்பும் பணத்தைவிடக் குறைவா? சேர்ந்து வாழ்வதற்கு அந்தக் குறைவை ஏற்கலாமா? இதை இரண்டு பேரும் உட்கார்ந்து பேச விசிட்தான் நல்ல நேரம்.

ஃபேமிலி விசாவுக்கு ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் உண்டு. விசா கிடைத்த பிறகு ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் தங்கினால் அது செல்லாமல் போகும்.

5. குழுவை மறக்காதீர்கள்

வங்கிக் கடன் நிலுவையில் இருந்தால் உங்கள் தவணையை மற்ற சகோதரிகள் சுமக்க நேரும். இரண்டு மாதச் சேமிப்பையும் தவணையையும் முன்கூட்டியே கட்டுங்கள். நீங்கள் கையெழுத்துப் போடும் பிரதிநிதி என்றால், தீர்மானம் எழுதி வேறொருவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

உதவிக்கு: தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலத்துறை 1800 309 3793. அமீரகத்தில் இந்தியர் உதவி மையம் 800 46342. இரண்டும் கட்டணமில்லா எண்கள்.

கூட்டத்தில் பேசுங்கள்:

* விசிட் போக உள்கடன் கேட்கும் உறுப்பினரிடம் நாம் என்னென்ன கேட்க வேண்டும்?
* நம் குழுவில் திருமணப் பதிவு செய்யாதவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு யார் துணைக்குப் போவது?